அட்டமி நிலவும் அமாவாசை வானமும்

வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவு வானம் பார்க்கும் நிகழ்ச்சி வைக்கப் போகிறோம் என்றால், அதிபர் முதலில் கேட்பது யானையைப் பற்றித்தான். "பிள்ளையள் எத்தினை மணிக்கு வீட்டை போவினம் சேர்? காட்டுக்கரைப் பிள்ளையளுக்கு என்ன ஏற்பாடு?" கேட்க வேண்டிய கேள்விதான். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையிலும், துணுக்காய்ப் பக்கமும், முத்தையன்கட்டுக் குளத்தை அண்டியும் பொழுதுபட்ட பிறகு தனியே சைக்கிளில் போகப் பெரியவர்களே யோசிப்பார்கள். அதனால் எங்கள் நிகழ்ச்சி எதுவானாலும் ஒரு போக்குவரத்துப் பட்டியலில்தான் தொடங்கும். யாருடைய அப்பா லான்ட்மாஸ்டர் கொண்டு வருவார், எந்த ஒழுங்கையால் எத்தனை பேர் சேர்ந்து போவார்கள், கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்ததும் யாருக்குப் போன் எடுப்பது. இதை ஒழுங்காகச் செய்தால் இன்னொரு நன்மையும் தானாக வந்து சேரும். பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் அம்மா, அப்பா, அப்பாச்சி எல்லோரும் மைதானத்திலேயே நின்று விடுவார்கள். அவர்கள் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அயல் பள்ளிக்கூடங்களிலும் நண்பர்களோடு சேர்ந்து சில வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். வேறு வலயங்களில் இருக்கும் ஆசிரியர்கள் எப்படித் தொடங்குவது, எந்தத் தொலைநோக்கி வாங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தொலைநோக்கி பிறகு வரட்டும். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த வானம் ஒன்று இருக்கிறது. முதலில் அதை அவர்களுக்குக் காட்டுங்கள். ஒருநாள் கூத்தாக இல்லாமல் மாதாமாதம் காட்டுங்கள்.

யானை விஷயம் முடிந்ததும் திகதி. பள்ளிக்கூடங்கள் கேட்பது பூரணைப் போயா தினத்தை. அன்று விடுமுறை, ஆசிரியர்களும் வரலாம், பெற்றோரும் வரலாம், நிலவு வெளிச்சத்தில் வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் வானம் பார்க்க மாதத்திலேயே ஆகாத நாள் அதுதான். பூரணை நிலவின் வெளிச்சத்தில் மங்கலான வெள்ளிகள், அதாவது நட்சத்திரங்கள், எல்லாம் அடிபட்டுப் போகும், பால்வீதி இருந்த இடமே தெரியாது. சரி, நிலவையாவது பார்க்கலாமே என்றால் அதுவும் சரிவராது. அன்று சூரியன் எங்கள் முதுகுப் பக்கமிருந்து நிலவின் முகத்தில் நேராக அடிக்கிறது. நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மலையும் குழியும் எப்படித் தெரியும்? தொலைநோக்கியில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெள்ளைத் தட்டுத்தான் தெரியும்.

வளர்பிறையின் ஏழாம் எட்டாம் நாளில் நிலவு பாதியாக நிற்கும். பொழுதுபடும்போதே உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், நடுச்சாமம் வரை மறையாது. பாதிக்கும் பாதிக்கும் நடுவில் ஓடும் கோட்டில் அந்த நேரம் சூரியன் உதித்துக் கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டோரமாக ஒவ்வொரு குழியின் விளிம்பும் நீளமான கரிய நிழலைப் போடும். சில இடங்களில் அடிவாரம் முழு இருட்டில் கிடக்க, மலை உச்சி மட்டும் தனியொரு வெளிச்சப் புள்ளியாக இருட்டுக்குள் நிற்கும். அரை மணித்தியாலம் கழித்து அதே பிள்ளையைத் திரும்பப் பார்க்கச் சொன்னால், "சேர், அந்தப் புள்ளி பெருத்திட்டுது" என்று சொல்வதுண்டு. நிலவில் விடிவதை அந்தப் பிள்ளை தன் கண்ணால் கண்டுவிட்டது.

ஆனால் எட்டாம் நாள் என்றால் அட்டமி. அட்டமி நவமியில் நல்ல காரியம் ஒன்றும் தொடங்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கு. வெள்ளிகள் பார்க்கச் சிறந்த நாளோ அமாவாசை. அன்று பொம்பிளைப் பிள்ளைகளை இருட்டில் வெளியே விட எந்த அம்மம்மா சம்மதிப்பார்? இதை வைத்துப் பெற்றோரோடு வாதாடுவதில் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். முதல் நிகழ்ச்சியை வளர்பிறைச் சஷ்டியிலோ சப்தமியிலோ வைத்தால் போதும், நிழல்கள் நன்றாகவே விழும். இரண்டாவதைத் தேய்பிறைப் பஞ்சமிக்குப் பிறகு வையுங்கள். நிலவு எழ இரவு பத்து மணி தாண்டும். அதுவரை வானம் முழு இருட்டு. நாலைந்து முறை நடந்து, பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்து சேருவதைக் கண்டபிறகு, "அமாவாசையண்டைக்கு வைச்சால் இன்னும் வடிவாத் தெரியுமாமே" என்று பெற்றோரே சொல்லத் தொடங்குவார்கள்.

மைதானத்துக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. பள்ளிக்கூட விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு இருபது நிமிடம் பாயில் படுத்துக் கிடக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும்; முழுதாகப் பழக அரை மணித்தியாலம் பிடிக்கும். இடையில் ஒருவர் போன் திரையைத் திறந்தாலும் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆசிரியர்களின் ரோச் லைட்டுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிவிடுவோம். மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. இந்த இருபது நிமிடத்தில் பிள்ளைகள் முதலில் கதைப்பார்கள், சிரிப்பார்கள், நுளம்பு கடிக்கிறது என்பார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக "அங்கை பார்", "இஞ்சை பார்" என்று தொடங்குவார்கள். நான் ஒன்றையும் சுட்டிக் காட்டுவதற்கு முன்பே.

அடுத்து ஒவ்வொருவரிடமும் அவரவர் நட்சத்திரத்தைக் கேட்பேன்.

கோயிலில் அர்ச்சனைக்குப் போனால் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். எட்டு வயதுப் பிள்ளைகூடத் தயங்காமல் சொல்லும்: ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை. ஆனால் அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே நிற்கிறது என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, அர்ச்சனை செய்விக்கும் அம்மாவுக்கும் தெரியாது. நிலவு பூமியைச் சுற்றி அதே வெள்ளிக்குப் பக்கத்தில் திரும்பவும் வர 27.3 நாள் எடுக்கிறது. அந்தப் பாதையை எங்கள் முன்னோர் 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளியையோ வெள்ளிக் கூட்டத்தையோ அடையாளமாக வைத்தார்கள். நீ பிறந்த நேரம் நிலவு எந்தப் பங்கில் நின்றதோ அதுதான் உன் நட்சத்திரம். இவ்வளவையும் சொன்னபிறகு, "ரோகிணிக்காரர் எழும்புங்கோ" என்று கூப்பிட்டு, சிவந்து தெரியும் ரோகிணியைக் காட்டினால் போதும். மகம் சிங்கத்தின் தலையடியில் இருக்கிறது. சித்திரை வெள்ளை, சுவாதி மெல்லிய செம்மஞ்சள். சுவாதியிலிருந்து ஒளி இங்கே வந்து சேர 37 வருடம் ஆகிறது என்றால் பிள்ளை தன் அம்மாவின் வயதோடு கணக்குப் பார்க்கத் தொடங்கும். சாதகம் எழுதாத பிள்ளைகளும் கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகளும் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. பிறந்த திகதியையும் நேரத்தையும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் போட்டால் அன்று நிலவு எங்கே நின்றது என்று காட்டிவிடும்.

சாதகம் பலிக்குமா என்ற விவாதத்தை நான் மைதானத்தில் தொடங்குவதில்லை. ஆனால் ஓர் ஆடி மாத இரவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தரம் ஒன்பது படிக்கும் ஒரு பிள்ளை. எல்லோரும் தங்கள் நட்சத்திரத்தைக் கத்திச் சொல்ல, இவள் மட்டும் பாயின் ஓரத்தைக் கிள்ளிக் கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள், "சேர், அவ மூலம்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்ற பழமொழி அந்த வயதிலேயே அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. கல்யாணப் பேச்சில் எத்தனை பெண்களை இந்த ஒரு வரி அழவைத்திருக்கிறது என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். எனக்கு அதில் துளியும் மரியாதை இல்லை.

ஆடியில் இரவு ஒன்பது மணிக்கு விருச்சிக ராசியின் தேள் தெற்கு வானத்தில் முழுதாக நிமிர்ந்து நிற்கும். நடுவில் சிவப்பாகக் கேட்டை. அங்கிருந்து கீழ்நோக்கி வளைந்து, திரும்பவும் மேலே சுருண்டு வரும் வால். அதன் நுனியில் நெருங்கி நிற்கும் இரண்டு வெள்ளிகளில் பிரகாசமானது மூலத்தின் முதன்மை வெள்ளி. இந்த நீண்ட வால் எங்கள் வானத்தில் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது தெரியுமா? லண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு இந்த நுனி அடிவானத்தை ஒட்டித்தான் வரும். அங்கே அதைக் காண்பதே அபூர்வம். எங்களுக்கு அது உச்சியை அடையும்போது அடிவானத்திலிருந்து நாற்பது பாகைக்கும் மேலே. அதற்கு இடதுபுறம் வெறுங்கண்ணுக்கே ஒரு புகைப்பொட்டுத் தெரியும். ஏழாம் மெசியர் எனப்படும் வெள்ளிக் கொத்து அது. கி.பி. 130 அளவிலேயே பண்டைய வானியலாளர் தொலமி அதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளையிடம் பைனாகுலரைக் கொடுத்து அந்தப் பொட்டைப் பார்க்கச் சொன்னேன். கறுப்புச் சீலையில் உடைத்த குருணலைச் சிந்திவிட்டது போல அது கண்ணாடிக்குள் பரந்து கிடக்கும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சேர், இதெல்லாம் எண்ட நட்சத்திரத்துக்குப் பக்கத்திலையே?" என்று கேட்டாள். கொஞ்சம் தள்ளி, பால்வீதி தடித்துத் தெரியும் இடத்தைக் காட்டி, எங்கள் வெள்ளித் தொகுதியின் மையம் அந்தத் திசையில்தான், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது என்று சொன்னேன். பைனாகுலர் வரிசையில் அடுத்தவளுக்குப் போக வேண்டும். இவள் அதைத் தன் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்கப் போக, நான் தடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "வடிவாயெல்லோ கிடக்கு" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து தேளைக் காட்டும் பொறுப்பு அந்தப் பிள்ளையுடையது. மூலத்தை அவள் கடைசியாகத்தான் காட்டுவாள், நிறையக் கதையோடு.

எங்கள் அகலக்கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகப் படங்களை அப்படியே நம்பி வானத்தைப் பார்த்தால் இங்கே குழம்பிப் போவோம். கிளிநொச்சி 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நேரே நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை; அடிவானத்தில் ஒரு முட்டியை வைத்தால் அதன் மேல் விளிம்பில் துருவம். பல இடங்களில் அது வடலிக்குப் பின்னால் போய்விடும், அதனால் வடக்குப் பக்கம் வெளியான இடம் பார்த்துப் போக வேண்டும். இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டுப் போன்ற இடமென்றால் நல்லது. பாகைமானி, நூல், ஒரு நட் இவ்வளவும் இருந்தால் பிள்ளைகளே கோணம் அளக்கும் கருவி செய்துவிடுவார்கள். ஒருவர் எட்டு என்பார், ஒருவர் பதினொன்று என்பார். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையில் ஒரு பிள்ளை அளந்தால் ஆறு வரும். இந்த வித்தியாசத்தையும், இரண்டு இடத்துக்கும் இடையில் வடக்குத் தெற்காக உள்ள தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். தெற்கிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து இதைச் செய்து பார்க்க எனக்குப் பெரிய ஆசை.

துருவம் இவ்வளவு தாழ்ந்து போனதால் தெற்கு வானம் எங்களுக்குத் திறந்து கிடக்கிறது. வைகாசி மாதம் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம், வாலின் நடுவில் வசிட்டரும் அருந்ததியும். அப்படியே திரும்பித் தெற்கே பார்த்தால் திரிசங்கு என்று எங்கள் கதைகள் சொல்லும் தெற்குச் சிலுவை, அதன் இடப்பக்கம் 4.4 ஒளியாண்டுத் தூரத்தில் உள்ள அல்பா சென்டாரி. ஐரோப்பாவில் சிலுவை தெரியாது, சிட்னியில் சப்தரிஷி முழுதாகத் தெரியாது. முற்றவெளியில் நின்று இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் வசதி முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இருக்கிறது. மாசியில் என்றால் சீரியசுக்குக் கீழே அகத்தியர், வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான வெள்ளி. கல்யாண வீட்டில் பட்டப்பகலில் அருந்ததி காட்டுகிறார்களே, அந்த அருந்ததியை இரவில் உண்மையாகவே கண்ட சந்தோசத்தில் வயதான ஒரு சோடி மைதானத்தில் கையைப் பிடித்துக் கொண்டு நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனித் தொலைநோக்கி. வன்னியில் பல பள்ளிக்கூடங்களில் தொலைநோக்கி இருக்கிறது, அலுமாரிக்குள். வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்கள் அன்போடு காசு சேர்த்து அனுப்பியது. ஒரு பள்ளிக்கூடத்தில் அதைத் திறந்து பார்த்தபோது பெட்டிக்குள் போட்ட பஞ்சுகூட அசையாமல் இருந்தது, வில்லையில் மட்டும் பூஞ்சணம் வலைபின்னியிருந்தது. யாரையும் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அனுப்பப்படும் கருவிகளில் பெரும்பாலானவை பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்க வேண்டிய ஈக்குவற்றோரியல் தாங்கியோடு வருகின்றன. லண்டனிலோ ரொறன்ரோவிலோ அது நல்ல கருவி. இங்கே அந்த அச்சை ஒன்பது பாகைக்குத் தாழ்த்த வேண்டும். பல தாங்கிகள் அவ்வளவு தாழ மாட்டா. தாழ்ந்தாலும் சமநிலைக் குண்டு முக்காலியின் காலில் போய் முட்டும். சரிபார்க்கத் துருவ நட்சத்திரம் வேண்டும், அதுவோ வடலிக்குள். ஓர் ஆசிரியர் இரண்டு மாலை முயன்றுவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுகிறார் என்றால் அது அவருடைய பிழையே அல்ல.

வெளிநாட்டு உறவுகளுக்கு என் வேண்டுகோள்: டொப்சோனியன் வகை அனுப்புங்கள், ஆறு அங்குலக் கண்ணாடி போதும். மேலும் கீழும், இடமும் வலமும் தள்ளினால் போகும். பூட்டவோ திருகவோ ஒன்றும் இல்லை. தரம் ஆறு பிள்ளையும் இயக்கும். இதைப் பரப்பிய ஜோன் டொப்சன், சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் யன்னல் கண்ணாடியைத் தானே தேய்த்துத் தொலைநோக்கி செய்து, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானம் காட்டினார். 1968இல் அதற்கென்றே நண்பர்களோடு ஒரு சங்கமும் தொடங்கினார். அவருடைய தாங்கி வெறும் பலகைப் பெட்டிதான். கண்ணாடிகளையும் கண்வில்லையையும் வாங்கிக் கொடுத்தால் மீதியை எங்கள் தச்சுத் தொழிலாளர்கள் முதிரைப் பலகையில் இழைத்துத் தந்துவிடுவார்கள். அதற்கும் வசதியில்லை என்றால் 10×50 பைனாகுலர் இரண்டு வாங்குங்கள். ஒரே தொலைநோக்கியில் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். எதை வாங்கினாலும் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், ஈரம் பிடித்த பைகளை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள்.

பெற்றோர் மைதானத்தில் நிற்பதைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன்.

இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சண்டை முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களின் அப்பா அம்மா வானத்தை அண்ணாந்து பார்த்தது வேறு காரணத்துக்காக. குண்டு போடும் கிபிர் விமானம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வண்டு என்று சனம் சொன்ன வேவு விமானம் இன்னும் சுற்றுகிறதா, பரா வெளிச்சக்குண்டு எங்கே விழுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கிடந்தவர்கள். ஒரு நிகழ்ச்சியில் சர்வதேச விண்வெளி நிலையம் மேலால் போனது. சத்தமில்லாமல், மினுங்காமல், மேற்கிலிருந்து ஒரே சீராக நகரும் வெளிச்சம். பிள்ளைகள் கத்திக் குதித்தார்கள். பின்னால் நின்ற ஒரு தகப்பன் மகனின் தோளை இறுக்கிப் பிடித்து மதில் பக்கம் இழுத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "அது என்ன தம்பி?" என்று என்னிடம் கேட்டார். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஆட்கள் இருக்கும் ஓர் ஆய்வுகூடம், ஒன்றரை மணித்தியாலத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றும், அதன் தகடுகளில் பட்ட சூரிய வெளிச்சம்தான் இது, என்றேன். அவர் அது கிழக்கே பூமியின் நிழலுக்குள் போய் மறையும்வரை பார்த்தார். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டுப் போனில் குறித்துக் கொண்டார்.

அதனால் எங்களுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. வானத்தில் நகரும் எதையும் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுவோம்: இத்தனை மணிக்கு, இந்தத் திசையில், இப்படி ஒரு வெளிச்சம் வரும். விசில், வெடி எதுவும் கிடையாது. பச்சை லேசர் ஓர் ஆசிரியர் கையில் மட்டும்தான். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, விமானம் போகும் திசையில் பிடிக்கவே கூடாது. அயலில் படைமுகாம் இருந்தால் முதல்நாளே சொல்லிவிடுங்கள். வேறு மாவட்டத்திலிருந்து வந்து இங்கே நிகழ்ச்சி நடத்துபவர்கள் இந்த ஒழுங்குகளைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்களிடம் வாங்கிக் கொள்ளவும் நிறைய இருக்கிறது. காலபோக வயலில் பன்றிக்கும் யானைக்கும் காவல் கிடந்தவர்களுக்கு வானம்தான் மணிக்கூடு. கார்த்திகை மாதத்தில் ஆறாமீன் (கார்த்திகை வெள்ளிக் கூட்டம்) உச்சிக்கு வந்தால் நடுச்சாமம் என்று ஒரு தாத்தா சொன்னதை ஸ்டெல்லேரியத்தில் போட்டுப் பார்த்தோம், அப்படியே சரி. அதன்பிறகு பிள்ளைகளுக்கு அவர்மேல் இருந்த மரியாதையே வேறு.

பருவத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி மழை. டிசம்பர் 13, 14இல் வரும் ஜெமினிட் எரிவெள்ளிப் பொழிவை முகில் விட்டு வைத்தால் அது அதிர்ஷ்டம். தை பிறந்தால் வானம் வெளிக்கும், கூடவே பனியும் வரும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அது வில்லையையும் விடாது. தொலைநோக்கியின் வாயில் தடித்த மட்டையைச் சுருட்டி ஒரு முழ நீளத்துக்குச் செருகிவிட்டால் பனி படிவது குறையும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று. கிரவல் தூசியும் ஆட்டமும் இருக்கும், ஆனால் பால்வீதி பார்க்க அதுதான் காலம்.

திருவாதிரையை மட்டும் வருடாவருடம் கவனிக்கச் சொல்லுங்கள். 2019 கடைசியில் அது கண்ணுக்குத் தெரியவே மங்கத் தொடங்கியது. 2020 பெப்ரவரியில் வழக்கமான பிரகாசத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அது வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பேசியது. பிறகுதான் தெரிந்தது, அந்த வெள்ளியே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்திருக்கிறது. பக்கத்து வெள்ளிகளோடு ஒப்பிட்டுப் பிரகாசத்தைக் கொப்பியில் குறித்து வைக்கும் வேலைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. உலகம் முழுவதும் இதைச் செய்யும் ஆர்வலர்களின் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்துகிறார்கள்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பிள்ளைகளைக் கொழும்புக் கோளரங்குக்குக் கூட்டிப் போகிறார்கள். 1965இல் கட்டிய நல்ல இடம், போகத்தான் வேண்டும். மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஆனால் கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய்க் கூரையில் பால்வீதி பார்த்துவிட்டு வரும் பிள்ளை, தன் வீட்டு முற்றத்தில் அதைப் பார்த்ததே இல்லை என்றால் மனம் கேட்பதில்லை. அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் தம்பி தங்கச்சிமார் மாதத்தில் ஒரு மாலையை அயல் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுத்தால் பெரிய உதவி.

முற்றத்து வானமும் இப்படியே இருக்கப் போவதில்லை. சண்டைக் காலத்தில் மின்சாரம் இல்லாமல் ஜாம்போத்தல் விளக்கில் படித்த ஊர்கள் இவை. மின்சாரம் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏ9 வீதியோரச் சந்திகளில் இப்போது போடும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பல, தரைக்குக் கொடுப்பதோடு பக்கவாட்டிலும் வானத்துக்கும் வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. மேலே ஒரு மூடி, கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த நிறம், விளக்கை நேரே கீழ்நோக்கித் திருப்புவது. இவ்வளவுதான் தேவை. வீதியும் நன்றாகத் தெரியும், கண்ணும் கூசாது. பிரதேச சபைகள் புதிதாகப் போடும்போதே இதைச் செய்துவிட்டால் பிறகு கழற்றி மாட்டும் செலவும் இல்லை.

பகலிலும் ஒரு வேலை இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 14 அளவில், சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் வரும். நண்பகல் 12.10 அளவில் நட்டு வைத்த தடிக்கு நிழலே இராது. வருடப்பிறப்பன்று வீட்டு முற்றத்திலேயே பிள்ளைகள் செய்து படம் எடுத்து அனுப்பலாம். ஓகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறை வரும்.

இதையெல்லாம் இப்போதே தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010 ஜனவரி 15இல், தைப்பொங்கலுக்கு மறுநாள், சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண சூரிய கிரகணம் ஒன்று வடக்கின் மேலால் போனது. அந்த நேரம் வன்னிச் சனத்தில் ஒரு பகுதி செட்டிகுளம் முகாமில், ஒரு பகுதி திரும்பி வந்து தறப்பாள் கொட்டில்களில். யார் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்? 2019 டிசம்பர் 26இல் அடுத்தது வந்தது. அது ஆழிப்பேரலையின் பதினைந்தாம் ஆண்டு நினைவுநாள் காலை; முல்லைத்தீவுக் கரையில் பலர் விளக்கேற்றப் போயிருந்தார்கள். பள்ளிக்கூடங்களும் விடுமுறை. மூன்றாவது கங்கண கிரகணம் 2031 மே 21, புதன்கிழமை. தென்னிந்தியாவைத் தாண்டி எங்கள் வடபகுதியைத் தொட்டுப் போகும், நண்பகல் தாண்டிய நேரத்தில். பள்ளிக்கூடம் விடும் நேரம் அது. கிரகணம் என்றால் பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிக் கதவைச் சாத்துவதுதான் இதுவரை வழக்கம். அந்தப் புதன்கிழமை அப்படி நடக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 12312-2 தரம் உள்ள கிரகணக் கண்ணாடிகளை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று, கூட வரும் பெற்றோருக்கும் ஒன்று என்று இப்போதே சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். வலயக் கல்விப் பணிமனைகளோடு பேசுவதற்கான கடிதத்தின் முதல் வரைவை எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் பள்ளிக்கூடத்தையும் அதில் சேர்க்க விரும்பும் ஆசிரியர்கள் அடுத்த வளர்பிறைச் சப்தமிக்குள் சொல்லுங்கள்.